ஷத்துவுக்கு மேலே ஸபர்

எழுத்துரு செய்யும் தொழில் என்பது, ஊரே பார்க்கிற ஒரு பொருளைச் செய்து கொடுத்துவிட்டு, "நீங்க என்ன வேலை செய்றீங்க?" என்று யாராவது கேட்டால் பதில் தெரியாமல் விழிப்பது. கண்டி நகரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். இரண்டு கணினி, ஒரு பிரிண்டர், ஆடுகிற கதிரை ஒன்று, ஆடாத கதிரை ஒன்று. அங்கே உட்கார்ந்து நான் அரபு எழுத்துகளுக்கு மேலும் கீழும் குறி வைக்கிறேன். கல்யாண அட்டையில் மாமனாரின் பெயரில் ஒரு துணைக்காலை விட்டுவிட்டு ஒளிந்து திரிந்தவர்கள், "ஒரு சின்ன மாற்றந்தான்" என்று வந்தவரோடு ஒரு பகலைத் தொலைத்தவர்கள், பெயர்ப்பலகையில் ஒற்று விழுந்துபோனதற்குப் பேச்சு வாங்கியவர்கள், நீங்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களிடம்தான் இதைச் சொல்லி ஆற முடியும்.

முதலில் பாடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழில் எழுத்துக்கு மேலே தனியாக நிற்பது ஒரேயொரு புள்ளி. அதையே நாம் பாதி நேரம் மறந்துவிடுகிறோம். அரபியில் எழுத்தோடு பிறந்த புள்ளிகள் வேறு இருக்கின்றன. அதற்கும் மேலாக, குர்ஆன் ஓதப் பழகுகிறவர்களுக்கு உயிரொலிக் குறிகள் போட வேண்டும். எழுத்துக்கு மேலே ஒரு சாய்கோடு போட்டால் அது ஸபர், ‘அ’ என்று வாசிக்க வேண்டும். அதே கோட்டைக் கீழே போட்டால் ஸேர், ‘இ’. மேலே ஒரு சின்னச் சுழி போட்டால் பேஷ், ‘உ’. எழுத்தை அழுத்தி இரட்டிப்பதற்குப் பல்வரிசை மாதிரி ஒரு குறி உண்டு, அது ஷத்து. இரட்டித்த எழுத்துக்கும் ‘அ’ வேண்டுமே? அப்போது ஷத்துவின் தலையில் ஸபர் ஏறி நிற்கும். கண்டியில் மலைச்சரிவில் வீடு கட்டியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஒருவரின் கூரைதான் அடுத்தவரின் வாசல்.

இவையெல்லாம் தானாகப் போய் நிற்பதில்லை. ஒவ்வொரு எழுத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆணி அடிக்க வேண்டும். குறியில் அதற்கொரு துளை. கணினி அந்தத் துளையை இந்த ஆணியில் மாட்டும். ஷத்துவின் தலையிலும் ஓர் ஆணி, மேலே இன்னொன்று வருமே! ஆணி அடிக்கிறவள் நான். ஆணி சொன்னபடி கேட்கிறதா என்று கணினிக் கட்டளை எழுதிப் பார்ப்பவர் ருவன், தெல்தெனியவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற சிங்களவர். அச்சானதை வாசித்துப் பிழை பிடிப்பவர் பஸ்லியா டீச்சர், அக்குறணையில் பெண்களுக்கு ஓதிக் கொடுப்பவர். இனிப் பட்ட பாடுகளைச் சொல்கிறேன்.

ஓதத் தெரியுமா?

நிஸ்தார் ஹாஜியாருக்குப் பிலிமத்தலாவையில் பித்தளைச் சாமான் கடை. கடையை மகனிடம் கொடுத்துவிட்டு, சின்னப் பிள்ளைகள் ஓதப் பழகுவதற்கு ஒரு நல்ல ஆரம்பப் புத்தகம் போட வேண்டும் என்று இறங்கியவர். அதற்கு முன்னும் ஒரு முறை வேறு யாரிடமோ செய்வித்திருக்கிறார். அதில் ஸேர் எல்லாம் வழுக்கிப் போய் அடுத்த வரி எழுத்துகளின் தலையில் உட்கார்ந்துகொண்டன. பிள்ளைகள் அவற்றை ஸபர் என்று வாசித்தார்கள். அச்சடித்த புத்தகமெல்லாம் கடைக்கே திரும்பி வந்து, குத்துவிளக்குகளுக்கு நடுவே அடுக்கிக் கிடந்தது. அந்த வயிற்றெரிச்சலோடு எங்கள் படியேறி வந்தவர், என் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு ஒரு கணம் நின்றார்.

"மகள், நீங்க ஓதுவீங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க ஹாஜியார். நான் சைவம். எழுத்தோட வடிவம் எல்லாம் தெரியும். வாசிக்கிறது தட்டித் தடவித்தான்" என்றேன். மறைத்து என்ன பயன்? அவர் ஆடுகிற கதிரையில் உட்கார்ந்து, ருவன் கொடுத்த பிளேன்டீயை வாயில் வைக்காமல் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். கல்யாண அட்டைகளைத் தவிர வேறு வேலை இல்லாத காலம் அது. ஒரு முழு எழுத்துருவை அடியிலிருந்து செய்ய வேண்டும் என்று எனக்கு எத்தனையோ நாள் ஆசை. அது இப்போது படியிறங்கிப் போகப் போகிறது என்றே நினைத்தேன். ஹாஜியார் டீயைக் குடித்து முடித்து, கோப்பையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"போன முறை பார்த்துத் தந்த எல்லாரும் நல்லா ஓதத் தெரிஞ்ச ஆக்கள். அவங்க மனப்பாடத்தால வாசிச்சிட்டுப் போயிட்டாங்க. நீங்க கண்ணால பாருங்கொ."

அம்மா சொன்ன பதில்

என்ன வேலை என்ற கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது என்றேன் அல்லவா, என் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்கிறோம். அப்பாவோடு முனிசிபல் கந்தோரில் வேலை செய்தவரின் மனைவி, "கோமதி இப்ப என்னம்மா செய்யுது?" என்று கேட்டார். நான் எழுத்துரு, ஆணி, துளை என்று தொடங்கினேன். அவர் முகம் இருண்டுகொண்டே போனது. எங்களுக்குப் பின்னால் நின்றவர்களும் காதைக் கொடுத்துக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, என்னைக் கையால் ஒதுக்கி முன்னே வந்தார்:

"ஒண்ணுமில்லீங்க, அரபு எழுத்துக்கெல்லாம் பொட்டு வைக்கிற வேலை."

மேலேயா, கீழேயா?

ஷத்துவின் மேலே ஸபர் ஏறுவதில் யாருக்கும் வழக்கு இல்லை. ஸேர் வந்தால்தான் வழக்கு. ஸேர் கீழே போக வேண்டியது. ஆனால் இந்தக் காலத்துப் பல எழுத்துருக்களில், ஷத்து மேலே இருந்தால் ஸேரும் எழும்பிப் போய் ஷத்துவின் காலடியில், எழுத்துக்கு மேலேயே நின்றுவிடும். அரபு நாட்டுப் பத்திரிகைகளைப் படித்துப் பழகியவர்களுக்கு அது சரி. குர்ஆனைப் பார்த்து ஓதிப் பழகியவர்களுக்கு ஸேர் எழுத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். வெளிநாட்டில் படித்து வந்த ஒரு தம்பி எங்கள் மாதிரிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "மிஸ், இது பழைய ஸ்டைல், மேலே ஏத்துங்க" என்றார். எனக்கும் மேலே வைத்தால் வசதிதான். கீழே புள்ளியுள்ள எழுத்துகளில் ஸேர் வந்து புள்ளியோடு முட்டும், வயிறு தொங்குகிற எழுத்துகளில் வயிற்றுக்குள் விழுந்து காணாமல் போகும். அந்தத் தலையிடி எல்லாம் மிச்சம்.

அன்றைக்குப் பஸ்லியா டீச்சர் வரும்வரை காத்திருந்தேன். அவர் குடையை மடித்து அலுமாரிப் பிடியில் தொங்கவிட்டு, இரண்டு விதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்தத் தம்பி சொன்னது பிழையில்லை, பெரியவர்களுடைய புத்தகத்துக்கு அப்படியும் வைக்கலாம் என்றார். ஆகவே எழுத்துருவுக்குள் இரண்டு விதமும் வைத்தோம், வேண்டியதைத் தெரிவு செய்துகொள்ளலாம். ஆனால் பிள்ளைகளின் புத்தகத்துக்கு எது என்று நான் திரும்பவும் கேட்டபோது டீச்சர் ஒரே வாக்கில் முடித்தார்:

"கோமதி, ஸேர் கீழ் வீட்டுக்காரன். அவன மேல ஏத்தி வெச்சா, சின்னப் புள்ளைகள் ஸபரெண்டு நெனச்சி ஸலாம் சொல்லிட்டுப் போயிடும்."

ஹாமதுரு சீட்

ஒரே சொல்லை இரண்டு பேர் தட்டெழுதித் தந்தார்கள். ஒன்று அழகாக வந்தது. மற்றதில் ஸபர் அடியில் மாட்டிக்கொள்ள, ஷத்து அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. திரையில் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து எனக்குக் கண் பூத்துவிட்டது. பிறகுதான் விஷயம் பிடிபட்டது. சிலர் ஷத்துவை முதலில் தட்டி ஸபரைப் பின்னால் தட்டுகிறார்கள், சிலர் மறுவளம். அதுவும் போதாதென்று சில மென்பொருட்கள் தங்கள் பாட்டுக்கு வரிசையை மாற்றியும் வைத்துவிடுகின்றன. நாங்கள் ஒவ்வொருவருக்கும் "தயவுசெய்து ஷத்துவை முதலில் தட்டவும்" என்று சொல்லி முடிக்க முடியுமா? சொன்னாலும் கேட்பார்களா?

ருவன் உட்கார்ந்து ஒரு கட்டளை எழுதினார். எந்த வரிசையில் வந்தாலும் ஷத்து எழுத்துக்குப் பக்கத்தில், மற்றது அதற்கு மேலே. இரண்டு விதமாகத் தட்டியதும் ஒன்றுபோல வந்து நின்றன. எனக்கு நம்ப முடியவில்லை, நாலைந்து தடவை மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தேன். எப்படி விளங்கியது என்று கேட்டதற்கு, ஹாமதுரு எனப்படும் பௌத்த பிக்குவுக்கு முன் சீட் ஒதுக்கிய தெல்தெனிய பஸ்ஸில் தினமும் வருகிறவர், தன் தமிழில் விளக்கினார்:

"பஸ்ல யாரு முதல்ல ஏறினாலும் கணக்கில்ல, கோமதி. ஹாமதுரு சீட் ஹாமதுருக்குத்தான்."

காணாமல் போனவை

இடையில் வயிற்றுப்பாட்டுக்குச் சில்லறை வேலைகளும் செய்தோம். கட்டுகஸ்தோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர், கடைக் கண்ணாடியில் ஒட்டுவதற்கு அரபியில் கடைப் பெயர் கேட்டார். சொர்க்கம் என்று பொருள்வரும் சொல் அது. எழுத்து மூன்றுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் புள்ளி, மேலே ஸபர்கள், நடுவில் ஷத்து என்று ஒரே திருவிழா. அழகாகச் செய்து, ஸ்டிக்கர் வெட்டுகிற இடத்துக்கு அனுப்பினேன். அங்கே மெஷின் வெட்டிய பிறகு, வேண்டாத துண்டுகளைக் குண்டூசியால் கிள்ளி எடுப்பார்கள். கிள்ளியவர் அரபு எழுத்தை அன்றைக்குத்தான் முதல் முறை பார்க்கிறார். மிகவும் சுத்தமான வேலைக்காரர். சின்னச் சின்னத் துண்டாக இருந்த எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார்.

மிஞ்சியது மூன்று வளைவுகள். அதைச் சொர்க்கம் என்று யாரும் வாசிக்க முடியாது, எதுவாகவும் வாசிக்க முடியாது. கடைக்காரர் அதையும் ஒட்டிவிட்டு, ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்திருக்கிறார். பிறகு எனக்குப் போன் வந்தது. கோபமே இல்லாத குரல்:

"மிஸ், தாய்க் கோழிகள் வந்து சேந்திட்டுது. குஞ்செல்லாம் எங்க?"

மிச்சக் குறிகள்

இன்னொருவர், கல்யாண அட்டைக்காக வந்த சாச்சா, பெண்ணுக்குச் சித்தப்பா. பெண்ணின் வாப்பா வெளிநாட்டில், ஆகவே எல்லாப் பொறுப்பும் சாச்சாவின் தலையில். மாப்பிள்ளையின் பெயரைத் தங்க நிறத்தில் அரபியில் போட்டுக் காட்டினேன். பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார், அட்டையைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "எல்லாம் வடிவு. ஆனா மேல இந்தப் பக்கம் சும்மா ஈக்குது. இந்தச் சின்னச் சாமான்ல இன்னும் ரெண்டு மூணு போடுங்கொவன்" என்றார். அலங்காரத்துக்குப் போடுகிற சாமான் இல்லை, போட்டால் உச்சரிப்பே மாறிவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். "யாரு மிஸ் வாசிக்கப் போற? அழகுக்குத்தானே" என்றார்.

அந்த நேரம் பஸ்லியா டீச்சர் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. சாச்சா காட்டிய இடங்களில் எல்லாம் குறிகளை வைத்து அச்செடுத்து டீச்சர் கையில் கொடுத்தேன். டீச்சர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், உள்ளது உள்ளபடி வாசித்துக் காட்டினார். மூன்று அசையில் முடிய வேண்டிய பெயர் திக்கி, இரட்டித்து, மூக்கால் போய், கடைசியில் தும்மல் மாதிரி முடிந்தது. ருவன் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். சாச்சா முதலில் திகைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்:

"சரி மிஸ், மாப்பிள்ளைக்கு உள்ளத மட்டும் போடுங்கொ. மிச்சத்த எங்கட மகள்ட பேருக்குப் போட்டுடுங்கொ."

லாமும் அலிபும்

இது சிரிக்க முடியாத ஒன்று. புத்தகத்தின் சில பக்கங்களை அச்செடுத்து, ஹாஜியார் மத்ரஸாக்களுக்குப் பார்வைக்குக் கொடுத்திருந்தார். அவற்றைப் பார்த்தவர்களில் ஒரு மௌலவி, பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக ஹாஜியாரின் கடைக்கு வந்துவிட்டார். அந்த நேரம் நானும் அங்கே இருந்தேன். அரபியில் லாம் என்ற எழுத்தும் அலிபு என்ற எழுத்தும் பக்கத்தில் வந்தால், பின்னிக்கொண்டு ஒரே உருவமாகிவிடும். உருவம் ஒன்றானாலும் குறி இரண்டு பேருக்கும் தனித்தனி. தனியே நிற்கிற உருவத்தில் ஆணிகளைச் சரியாக அடித்திருந்தேன். முன்னால் இன்னோர் எழுத்து வந்து ஒட்டும்போது வருகிற உருவத்தில், இரண்டு ஆணியும் இடம் மாறிக் கிடந்தன. லாமின் குறி அலிபின் தலையில், அலிபின் குறி லாமின் தலையில். ஓதுகிற விஷயத்தில் அது சின்னப் பிழை இல்லை. மௌலவி பக்கத்தை விரித்துக் காட்டிவிட்டு, "ஓதத் தெரியாதவங்கட கையில குடுத்தா இப்படித்தான் வரும், ஹாஜியார்" என்றார்.

நான் யாரென்று அவருக்குத் தெரிந்திருந்ததா, இல்லையா, எனக்குத் தெரியாது. என் பொட்டுக்கு அவரைப் பார்க்க வெட்கமாக இருந்தது. பிழை என்னுடையதுதானே. பித்தளைச் செம்பு ஒன்றில் என் முகம் கோணலாகத் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் ஹாஜியார் என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்தார்கள். இதற்கு முன்னும் ஒரு புத்தகம் திரும்பி வந்து அவமானப்பட்டவர், இப்போதே வேலையை நிறுத்தியிருந்தாலும் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஹாஜியார் எழும்பி வந்து, மௌலவிக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்:

"பிழையக் காட்டித் தாங்கொ மௌலவி. ஆளக் காட்டத் தேவல்ல."

மேல்மாடிப் பாடம்

அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒரு முடிவுக்கு வந்தோம். ஒவ்வோர் எழுத்தையும், அது எடுக்கிற ஒவ்வோர் உருவத்தையும், ஒவ்வொரு குறியோடும், இரட்டைக் குறிகளோடும் அச்செடுத்துப் பார்ப்பது. ருவன் அதற்கொரு கட்டளை எழுத, பிரிண்டர் காகிதமாகக் கக்கியது. மேசை போதாமல் தரையிலும் அலுமாரிக் கதவிலும் ஒட்டினோம். பஸ்லியா டீச்சர் குரலெடுத்து வாசிப்பார், நான் அடிமட்டத்தை வைத்து அளந்து கண்ணால் பார்ப்பேன். ப, பி, பு. ப்ப, ப்பி, ப்பு. பிறகு அடுத்த எழுத்து. காலையில் தொடங்கினால் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் இதே சங்கீதந்தான். ஜன்னல்கள் திறந்திருந்ததை யாரும் யோசிக்கவில்லை. ஒரு நாள் கீழே துணிக்கடை முதலாளி, செட்டியார்த் தெருவில் இருந்து வந்து குடியேறிய குடும்பத்துக்காரர், படியில் பாதி ஏறி நின்று கூப்பிட்டார்:

"மிஸ், மேல பாடம் எந்த எழுத்து வரைக்கும் வந்திருக்குங்க? சாரி பாக்க வந்த அம்மா ஒருத்தர் முழுசாக் கேட்டுட்டுத்தான் போவாங்களாம்."

கிடைத்துவிட்டது

எல்லாம் திருத்திய பிறகு, அதே மௌலவியைத்தான் கூப்பிட வேண்டும் என்று நானே சொன்னேன். ஹாஜியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்றார். மௌலவி வந்தார். என்னைப் பார்த்து, "அண்டைக்கு நான் கொஞ்சம் கூடக் கதைச்சிட்டன்" என்று மட்டும் சொன்னார். நானும், "இல்லைங்க, பிழை இருந்துச்சுதானே" என்றேன். அதோடு அந்தக் கதை முடிந்தது. ஆடாத கதிரையை அவருக்குக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினார்.

டீ ஆறியது. இன்னொரு டீ வந்து அதுவும் ஆறியது. பக்கம் புரளப் புரள அவர் முகம் வாடிக்கொண்டே போனது. எனக்கும் பயம் பிடித்தது, பெரிய பிழை ஏதும் இருக்கிறதோ என்று. கடைசிக்கு முந்தின பக்கத்தில் குச்சி நின்றது. காஃப் என்ற எழுத்தின் நீட்டிய கையில் ஒரு ஷத்து உரசிக்கொண்டு நின்றது, மயிரிழைதான். மௌலவியின் முகம் பூவாக மலர்ந்தது:

"அல்ஹம்துலில்லாஹ், ஒண்டு கெடச்சிது! ஒண்டும் கெடைக்காட்டி நான் சரியாப் பாக்கல்லயோ எண்டு சந்தேகமாப் போயிருக்கும்."

யாருடைய புள்ளி?

அச்சகத்தில் தகடு போடுகிறவர் சிவநேசன் அண்ணை. சொந்த ஊர் யாழ்ப்பாணம், கண்டிக்கு வந்து தலை நரைத்தவர். அச்சுத் தகட்டில் தூசி விழுந்திருந்தால் அதை அழிப்பதற்கு அவரிடம் ஒரு பேனை உண்டு. அவர் கைபட்ட தகட்டில் ஒரு தூசியும் தப்பாது என்று பெயர். அந்தப் பெயருக்குக் குறை வராமல், முதல் தகட்டில் ஜீம் என்ற எழுத்தின் வயிற்றுப் புள்ளியையும் துடைத்துவிட்டார். புள்ளி போனால் அது ஜீம் இல்லை, வேறோர் எழுத்து. நல்ல வேளையாக, முதல் தாள் வந்ததுமே டீச்சர் கண்டுபிடித்துவிட்டார். அண்ணைக்கு மிகவும் மனவருத்தம். "தமிழெண்டா எந்தப் புள்ளி ஆருடையது எண்டு எனக்குத் தெரியும் தங்கச்சி. இது ஊரெல்லாம் புள்ளியா நிக்குது" என்றார். புதுத் தகடு போட்டுத் தந்தார்.

அன்றோடு அவர் பேனையைத் தொடுவதற்கு முன் போனைத் தொடத் தொடங்கினார். நான் பஸ்ஸில் இருந்தாலும் விடமாட்டார், சந்தையில் இருந்தாலும் விடமாட்டார். ஒரு கையில் கத்தரிக்காயோடும் மறு கையில் போனோடும் நான் பக்கத்தைத் திறந்து பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். வணக்கம் என்றோ, எப்படி இருக்கிறீர்கள் என்றோ ஒன்றும் கிடையாது. எடுத்தவுடன் ஒரே கேள்விதான்:

"தங்கச்சி, பன்ரெண்டாம் பக்கத்தில ஒரு புள்ளி நிக்குது. உங்கடையோ, தூசியோ?"

சித்தி ராத்தா

புத்தகம் வந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்து ஓதுகிறார்கள், முன்னைப்போல் திரும்பி வரவில்லை. ஆனால் எனக்குப் பிள்ளைகளின் கண்ணில் முழு நம்பிக்கை இல்லை. சின்னக் கண்கள் எதையும் பார்த்துவிடும். பஸ்லியா டீச்சர் வீட்டில் லுஹர் என்கிற பகல் தொழுகைக்குப் பிறகு வளர்ந்த பெண்களுக்கு ஒரு வகுப்பு நடக்கும். அதற்கு என்னை வரச் சொன்னார். அங்கே வருகிறவர்களில் சித்தி ராத்தா என்று ஒருவர்; சித்தி அவர் பெயர், ராத்தா என்றால் அக்கா. வீட்டில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். சீனி வருத்தத்தில், அதாவது நீரிழிவில், கண் பார்வை மங்கியிருந்தது. சின்ன வயதில் ஓதப் போகக் கிடைக்கவில்லை. காதால் கேட்டுப் பாடமாக்கியதுதான் எல்லாம். பிள்ளைகள் சேர்ந்து அவரை உம்றா யாத்திரைக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருந்தார்கள். போவதற்குள் ஒரு பக்கமாவது பார்த்து ஓத வேண்டும் என்று அவருக்கு ஒரே தவிப்பு. பழைய புத்தகங்களை மூக்கு நுனிவரை கொண்டுபோயும் முடியாமல், இந்த முறையும் சரிவராவிட்டால் வகுப்பை விட்டுவிடுவேன் என்று டீச்சரிடம் சொல்லியிருந்தாராம்.

நான் ஒரு மூலையில் பாயில் உட்கார்ந்தேன். ராத்தா எங்கள் புத்தகத்தை மடியில் விரித்தார். அவித்து அவித்துச் சிவந்த விரலை முதல் சொல்லின் கீழ் வைத்தார். மெல்ல மெல்ல ஓதினார். ஸபர், பேஷ், எல்லாம் வந்தன. நடுவில் ஷத்து மேலேயும் ஸேர் கீழேயும் நிற்கிற ஒரு சொல். ராத்தா ‘அ’ என்று ஓதினார். டீச்சர் திருத்தவில்லை, ராத்தாவே காணட்டும் என்று விட்டார். அந்த ஸேரைக் கீழே கொண்டுவந்து வைக்க நான் எவ்வளவு மாரடித்திருக்கிறேன், அது இவருக்குத் தெரியாவிட்டால் என்ன பயன்? ராத்தா விரலைச் சற்று விலக்கினார். விரலுக்கு அடியில்தான் ஸேர் மறைந்திருந்தது. குனிந்து பார்த்தார். "இதோ கீழ ஈக்குது!" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, திருப்பி, அழுத்தி, சரியாக ஓதினார். டீச்சர் "மாஷா அல்லாஹ்" என்றார். நான் முந்தானையால் முகத்தைத் துடைப்பது மாதிரிக் கண்ணையும் துடைத்துக்கொண்டேன்.

பக்கம் முடிவதற்குள் ராத்தா இன்னும் இரண்டு இடத்தில் தவறினார். இரண்டையும் தானே கண்டுபிடித்துத் திருத்தினார். முடிந்ததும் புத்தகத்தை மூடிக் கண்ணில் ஒற்றி, என் பக்கம் திரும்பினார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்து, "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று சொல்வதற்கு நான் தயாராக இருந்தேன். அவர் முகத்தில் சந்தோஷமும் இருந்தது, கொஞ்சம் குறையும் இருந்தது:

"இவ்வளவு காலமும் பிழைய எல்லாம் எழுத்து மேல போட்டுட்டு ஈந்தன், மிஸ். இப்ப எழுத்து எல்லாம் நல்லாத் தெரியிது. இனி ஆர் மேல போடுற?"

ஆக, இத்தனை காலம் ஆணி அடித்ததில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: குறியெல்லாம் தன் தன் இடத்தில் நின்றால் அது அல்லாஹ்வின் அருள், ஒரு மயிரிழை விலகினால் அது கோமதி மிஸ்ஸின் வேலை.